சிறு துகள்களிலும் அவற்றின் கொத்துகளிலும் ஒளிச்சிதறலைக் கணக்கிடுவது: தொடங்குபவர்களுக்கு

துகள்களில் ஒளி எப்படிச் சிதறும் என்று கணக்கிட இன்று யாரும் புதிதாக நிரல் எழுத வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை இறக்கி, துகளின் அளவு, அதன் பொருள், ஒளியின் அலைநீளம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும். நான் முதன்முதலில் வாங்கிய விடையும் அப்படித்தான் வந்தது. அது இருக்க வேண்டியதைவிட அறுபது மடங்கு பெரியது என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. நிரலில் ஒரு குறையும் இல்லை. ஆரம் கேட்ட இடத்தில் நான் விட்டத்தைக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த நிரல்கள் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும், எதிர்த்துக் கேள்வி கேட்காது. அதனால் கேள்வி கேட்கும் வேலை நம்முடையது. கீழே உள்ள வரிசையில் பாதிக்குமேல் கையால் போடும் கணக்குகள்தான். கணினியைத் தொடுவதற்கு முன் அவற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். விடை எந்த ஊர்ப்பக்கம் இருக்கும் என்று தெரிந்த பிறகு நிரலை ஓட்டுவது ஒன்று, தெரியாமல் ஓட்டுவது வேறு.

முதலில் எதைக் கணக்கிடப் போகிறோம்?

ஒரு துகள்மேல் விழும் ஒளிக்கு இரண்டு கதி உண்டு: வேறு திசையில் சிதறிப் போகலாம், அல்லது துகளுக்குள் உட்கவரப்பட்டு வெப்பமாகலாம். இரண்டையும் சேர்த்தால் நேர்க்கோட்டில் போன கற்றை இழந்த மொத்த ஒளி. இதை இங்கே ஒளியிழப்பு என்று சொல்கிறேன். இவை ஒவ்வொன்றையும் ஒரு பரப்பாகச் சொல்வது வழக்கம்: இந்தத் துகள் இத்தனை சதுர நானோமீட்டர் அகலமுள்ள கற்றையைப் பறித்துக்கொள்கிறது என்பதுபோல. அதுதான் குறுக்குவெட்டுப் பரப்பு. அதைத் துகளின் உண்மையான நிழற்பரப்பால், அதாவது பை × ஆரத்தின் வர்க்கத்தால், வகுத்தால் வருவது திறனெண். நிரல்கள் பெரும்பாலும் திறனெண்ணைத்தான் தரும். திறனெண் ஒன்றுக்குமேல் போகலாம். அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பிழை தேட வேண்டாம். ஒளி அலை என்பதால், துகள் தன் நிழலைவிடப் பெரிய பரப்பிலிருந்து ஒளியைப் பறிக்க முடியும்.

அப்புறம், எந்தத் திசையில் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. சிதறல்மானி வைத்திருப்பவருக்கு அதுதான் வேண்டும். நிறமாலைமானி வைத்திருப்பவருக்கு ஒளியிழப்பு போதும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலிலேயே ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

அளவெண்: எல்லாவற்றுக்கும் முந்திய கணக்கு

துகள் பெரியதா சிறியதா என்பதை நானோமீட்டரில் சொல்லி முடிவு செய்ய முடியாது. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. அதற்கான எண் இது:

அளவெண் = 2 × பை × ஆரம் × ஊடகத்தின் ஒளிவிலகல் எண் ÷ வெற்றிடத்தில் அலைநீளம்

நடுவில் இருக்கும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். லேசரின் பெட்டியில் எழுதியிருப்பது வெற்றிடத்து அலைநீளம். துகள் தண்ணீரில் மிதந்தால் அங்கே அலைநீளம் சுமார் 1.33 மடங்கு சுருங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கொண்டுபோவோம். தண்ணீரில் மிதக்கும் பாலிஸ்டைரீன் மணி, ஆரம் 25 நானோமீட்டர், 532 நானோமீட்டர் பச்சை லேசர். இந்த அலைநீளத்தில் தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.335. கணக்குப் போட்டால் அளவெண் 0.394 வருகிறது.

ஒன்றைவிட நன்றாகக் குறைவாக வந்தால் துகள் சிறியது, எளிய சூத்திரமே முதல் மதிப்பீட்டுக்குப் போதும். ஒன்றிலிருந்து சில ஆயிரம்வரை மீ கோட்பாடு, அதாவது எந்த அளவுக் கோளத்துக்கும் பொருந்தும் முழுத் தீர்வு; அது கீழே வருகிறது. அதற்கும் மேலே மழைத்துளி போன்ற பெரிய கோளங்களுக்கு ஒளிக்கதிர்களாகப் பார்க்கும் பழைய வழியே பல வேலைகளுக்கு உதவும். இந்த எல்லைகள் கல்லில் பொறித்தவை அல்ல. பொருளின் ஒளிவிலகல் எண் பெரிதாக இருந்தால் எளிய சூத்திரம் சீக்கிரமே தடுமாறும்.

ஒளிவிலகல் எண்: இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குவது

நிரல் கேட்பது துகளின் ஒளிவிலகல் எண்ணையா, ஊடகத்தோடு ஒப்பிட்ட விகிதத்தையா என்று பாருங்கள். சில நிரல்கள் இரண்டையும் தனித்தனியாக வாங்கித் தாமே வகுத்துக்கொள்ளும். சில, நீங்கள் ஏற்கெனவே வகுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நம் மணிக்குப் பாலிஸ்டைரீன் 1.598, தண்ணீர் 1.335, விகிதம் 1.197. வகுக்காமல் 1.598ஐ அப்படியே கொடுத்தால், காற்றில் தொங்கும் மணிக்கான விடை வரும்.

உட்கவரும் பொருள் என்றால் ஒளிவிலகல் எண் ஒரு கலப்பெண். மெய்ப்பகுதி ஒளியின் வேகத்தைச் சொல்கிறது, கற்பனைப் பகுதி அது உள்ளே எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதை. இங்கே ஒரு வழக்குச் சண்டை இருக்கிறது: கற்பனைப் பகுதியைக் கூட்டல் குறியோடு எழுதும் கூட்டம் ஒன்று, கழித்தல் குறியோடு எழுதும் கூட்டம் இன்னொன்று. அலை நேரத்தோடு மாறுவதை எந்தக் குறியில் எழுதத் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரிதான். ஆனால் ஒரு கூட்டத்தின் எண்ணை மற்ற கூட்டத்தின் நிரலுக்குக் கொடுத்தால், துகள் ஒளியை உட்கவர்வதற்குப் பதிலாக உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். உட்கவர்தலின் திறனெண் எதிர்ம எண்ணாக வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இந்தக் குறிதான். மீபைத்தான் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு கழித்தல் வழக்கைப் பின்பற்றுகிறது. பைமீஸ்கேட் என்ற இன்னொரு தொகுப்பு கூட்டல் வழக்கை. போதாததற்குப் பைமீஸ்கேட் கேட்பது ஆரத்தை அல்ல, விட்டத்தை.

எண்களை எங்கிருந்து எடுப்பது? தங்கம், வெள்ளி, செம்பு மூன்றுக்கும் ஜான்சன், கிறிஸ்டி இருவரும் 1972இல் வெளியிட்ட அளவீடுகளைத்தான் இன்றும் பெரும்பாலோர் எடுத்தாள்கிறார்கள். புகைக்கரிக்கு 550 நானோமீட்டரில் மெய்ப்பகுதி 1.95, கற்பனைப் பகுதி 0.79 என்று பாண்ட், பெர்க்ஸ்ட்ராம் 2006இல் பரிந்துரைத்த மதிப்பு பரவலாக வழக்கில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு அட்டவணைகள் ஒத்துப்போகாமல் இருப்பது இந்தத் துறையில் புதிதல்ல. எதை எடுத்தீர்கள் என்பதை நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே தேடுவீர்கள்.

இன்னொன்று: அந்த அட்டவணைகள் பெரிய உலோகத் தகட்டிலோ படலத்திலோ அளந்தவை. தங்கத் துகளின் விட்டம் பத்து நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரான்கள் ஓடி முடிப்பதற்குள் சுவரில் மோதிவிடுகின்றன. அங்கே அட்டவணை எண்ணை அப்படியே நம்ப முடியாது.

கையால் இரண்டு கணக்கு

சிறு துகளுக்கான சூத்திரம் ரேலே 1871இல் வானத்தின் நீலத்தை ஆராய்ந்தபோது வந்தது. முதலில் பொருளைச் சொல்லும் எண் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். விகித ஒளிவிலகல் எண்ணை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து ஒன்றைக் கழித்ததை, அதோடு இரண்டைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். இதைப் பொருளெண் என்று வைத்துக்கொள்வோம்.

சிதறல் திறனெண் = (8 ÷ 3) × அளவெண்ணின் நான்காம் அடுக்கு × பொருளெண் அளவின் வர்க்கம்

உட்கவர்தல் திறனெண் = 4 × அளவெண் × பொருளெண்ணின் கற்பனைப் பகுதி

நம் பாலிஸ்டைரீன் மணிக்கு 1.197இன் வர்க்கம் 1.433, பொருளெண் 0.433 ÷ 3.433, அதாவது 0.126. சிதறல் திறனெண் 0.00102 வருகிறது. நிழற்பரப்பு 1963 சதுர நானோமீட்டர். எனவே சிதறல் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 2 சதுர நானோமீட்டர்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய மணி நீர்த்த கரைசலில் ஏன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை என்பது இப்போது புரிகிறது.

திறனெண்ணில் நான்காம் அடுக்கு, நிழற்பரப்பில் இரண்டாம் அடுக்கு. பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு ஆரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. ஆரத்தை இரட்டித்தால் 64 மடங்கு. மேலே நான் சொன்ன அறுபது மடங்குக் கதையின் மூலம் இதுதான். இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது: ஆயிரம் சிறு மணிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரே ஒரு பெரிய தூசு, மொத்தச் சிதறலையும் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும். சிதறல் அளப்பவர்கள் தூசுக்கு நடுங்குவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது தங்கம். ஆரம் 10 நானோமீட்டர், தண்ணீரில், அலைநீளம் 521 நானோமீட்டர். அட்டவணையில் மெய்ப்பகுதி 0.62, கற்பனைப் பகுதி 2.08. கலப்பெண்ணை வர்க்கப்படுத்தினால் மெய்ப்பகுதி எதிர்மமாகிறது: −3.95. தண்ணீருக்கு அதே வர்க்கம் 1.78. பொருளெண்ணை மேலும் கீழும் 1.78ஆல் பெருக்கி எழுதினால், கீழே வகுக்கும் எண் முன்னதும் பின்னதன் இரு மடங்கும் சேர்ந்த தொகை, −3.95உம் 3.56உம் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வகுக்கும் எண் சிறுத்தால் பொருளெண் வீங்கும். தங்கக் கூழ்மம், அதாவது தங்க நுண்துகள்கள் மிதக்கும் நீர்மம், பச்சையைத் தின்றுவிட்டுச் சிவப்பாகத் தெரிவதன் ரகசியம் இந்த அடிபடுதலில் இருக்கிறது. எண்களைப் போட்டால் உட்கவர்தல் திறனெண் 1.3, சிதறல் திறனெண் 0.01. அதாவது இந்த அளவுத் தங்கத் துகள் சிதறடிப்பதைவிட நூறு மடங்குக்குமேல் உட்கவர்கிறது.

இந்த எண்ணை ஒருமுறை உலகத்தோடு உரசிப் பார்ப்போம். ஒளியிழப்புக் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 413 சதுர நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கலத்தில் ஒளி அடர்த்தி 1 காட்ட வேண்டுமானால், அதாவது ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கடந்து வர வேண்டுமானால், 2.303ஐ இந்தப் பரப்பால் வகுத்தால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும்: ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 5.6 × 10¹¹. இந்த அளவுத் தங்கக் கூழ்மம் வாங்கினால் குப்பியில் எழுதியிருப்பதும் இதே 10¹¹ வரிசையில்தான் இருக்கும். ஒரு பக்கம் எழுதுகோலில் போட்ட கணக்குக்கு இது போதும்.

மீ நிரலை ஓட்டுவது

குஸ்தாவ் மீ 1908இல் தீர்க்க முயன்றதும் தங்கக் கூழ்மத்தின் நிறத்தைத்தான். எந்த அளவுக் கோளத்துக்கும் மின்காந்தச் சமன்பாடுகளைத் துல்லியமாகத் தீர்த்து, விடையை ஒரு தொடராக எழுதினார். லோரன்ஸ் 1890இலேயே இதற்கு நிகரான தீர்வுக்கு வந்திருந்தார். அதனால் சிலர் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

தொடரில் எத்தனை உறுப்புகள் வேண்டும்? விஸ்கோம்ப் 1980இல் தந்த விதி இன்றும் நிற்கிறது. அளவெண், அதன் கனமூலத்தின் நான்கு மடங்கு, கூட இரண்டு. இந்த மூன்றின் தொகை. நிறைய உறுப்புகள் சேர்த்தால் துல்லியம் கூடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சார்புகள் ஓர் எல்லைக்குமேல் கணினியின் தசம இடங்களை மீறிப் போய், குப்பையைச் சேர்க்கத் தொடங்கும். நீங்களே நிரல் எழுதினால், துகளுக்குள் இருக்கும் புலத்துக்கான சார்பைப் பெரிய வரிசையிலிருந்து சிறியதை நோக்கி, கீழ்நோக்கிக் கணக்கிடுங்கள். மேல்நோக்கிப் போனால் உட்கவரும் பொருள்களில் பிழை ஒவ்வொரு படியிலும் பெருகும். வேறு யாரோ எழுதியதைப் பயன்படுத்தினால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் யார் எழுதியதாக இருந்தாலும், முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். 1983இல் போரன், ஹஃப்மன் இருவரும் வெளியிட்ட நிரலின் மாதிரிக் கணக்கு இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: காற்றில், ஒளிவிலகல் எண் 1.55, ஆரம் 0.525 மைக்ரோமீட்டர், அலைநீளம் 0.6328 மைக்ரோமீட்டர். அளவெண் 5.213, வேண்டிய உறுப்புகள் 14. ஒளியிழப்புத் திறனெண் 3.10543 வர வேண்டும். இங்கே உட்கவர்தல் இல்லை, ஆகவே சிதறல் திறனெண்ணும் அதே 3.10543 வர வேண்டும். இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருப்பதே தனியாக ஒரு சோதனை. ஆரம்–விட்டம் குழப்பம், அலகுக் குழப்பம் எல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே அகப்பட்டுவிடும்.

அடுத்து, முன்னே கையால் போட்ட பாலிஸ்டைரீன் மணியைக் கொடுங்கள். 0.00102க்கு மிக அருகே வர வேண்டும். சில சதவீத வேறுபாடு இயல்பு, ஏனென்றால் ரேலேயின் சூத்திரம் தோராயம், மீ தீர்வு முழுமையானது. பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் நிறுத்திவிட்டுக் கொடுத்த எண்களைப் பாருங்கள்.

பெரிய பக்கமும் ஒரு சோதனை உண்டு. ஒளிவிலகல் எண் 1.5 வைத்து அளவெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஒளியிழப்புத் திறனெண் 10இல் 2.88, 100இல் 2.09, 1000இல் 2.01 என்று இரண்டை நோக்கி இறங்கும். ஒன்றை நோக்கி அல்ல, இரண்டை. பெரிய பந்து தன் நிழலைப் போல இரு மடங்கு ஒளியை எப்படி இழக்க வைக்கும் என்று எனக்கு முதலில் இது தொண்டையில் சிக்கியது. நிழலில் மறைந்த ஒளி ஒரு பங்கு. விளிம்பைச் சுற்றி வளைந்து மிகச் சிறிய கோணத்தில் விலகிப்போன ஒளி இன்னொரு பங்கு. கோட்பாடு அந்த வளைந்த ஒளியையும் இழப்பாகவே எண்ணுகிறது. உங்கள் உணரிக்கு அகன்ற திறப்பு இருந்தால் அந்த ஒளி உள்ளே வந்துவிடும்; அளந்த மதிப்பு இரண்டைவிடக் குறையும். கோட்பாட்டையும் கருவியையும் ஒப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவுத் துகளுக்குச் சிதறலைக் கோணத்துக்கு எதிராக வரைந்தால் கூரான மேடுபள்ளங்கள் நிறைய வரும். உண்மையான மாதிரியில் அவை பெரும்பாலும் காணக் கிடைக்காது, ஏனென்றால் எந்தக் குப்பியிலும் எல்லாத் துகளும் ஒரே அளவில் இல்லை. நூறு வெவ்வேறு ஆரங்களுக்குக் கணக்கிட்டு, எது எவ்வளவு இருக்கிறதோ அதன்படி எடை கொடுத்துக் கூட்டுங்கள். கூட்ட வேண்டியது குறுக்குவெட்டுப் பரப்பை. திறனெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு; அந்தத் தவறு எண்ணில் வெளியே தெரியாது, அதுதான் கஷ்டம்.

கொத்து என்பது கூட்டல் அல்ல

இதுவரை தனித் துகள். இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இரு மடங்கு சிதறல் என்று சொல்லத் தோன்றும். ஒன்றுக்கொன்று தொலைவில், ஒழுங்கில்லாமல் மிதக்கும் மணிகளுக்கு அது சரி. ஒட்டியிருக்கும்போது இரண்டிலிருந்தும் வரும் அலைகள் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் சேர்கின்றன. அலையின் வீச்சு இரு மடங்கு, ஆகவே செறிவு நான்கு மடங்கு. நூறு மணிகள் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்துக்குள் ஒட்டினால் நூறு மடங்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு. கூழ்மம் திரளத் தொடங்கியதும் தெளிந்த கரைசல் வெண்மையாகக் கலங்குவது இதனால்தான்.

கொத்து அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வளர்ந்தால் எல்லாத் திசைகளிலும் அலைகள் ஒன்றாகச் சேராது. அதைக் கணக்கில் எடுக்க டெபை 1915இல் எக்ஸ் கதிர்களுக்காக எழுதிய கூட்டல் ஒன்று கைகொடுக்கும். கொத்து எல்லாத் திசைகளிலும் உருண்டு திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மணி இணைக்கும் (ஜோடிக்கும்) ஓர் எண் கண்டுபிடிக்க வேண்டும். அலைமாற்ற எண் என்பது 4 × பை ÷ ஊடகத்து அலைநீளம் × சிதறும் கோணத்தில் பாதியின் சைன். அதை இணைக்கு இடையேயான தூரத்தால் பெருக்குங்கள். வந்த எண்ணின் சைனை அதே எண்ணால் வகுங்கள். எல்லா இணைகளுக்கும் இதைக் கூட்டினால், ஒரு மணியின் சிதறல் எத்தனை மடங்காகிறது என்பது கிடைக்கும். மணி தன்னோடு தானே சேரும் இணைக்கு மதிப்பு 1; இரு வேறு மணிகளின் இணையை இரண்டு முறை எண்ண வேண்டும்.

நம் பாலிஸ்டைரீன் மணிகள் இரண்டு ஒட்டியிருக்கட்டும். மையங்களுக்கு இடையே 50 நானோமீட்டர். தண்ணீரில் அலைநீளம் 398.5. நேர்முன் திசையில் பெருக்கம் 4. செங்கோணத்தில் தூரமும் அலைமாற்ற எண்ணும் பெருக்கினால் 1.115, அதன் சைனை வகுத்தால் 0.81, ஆக 2 + 2 × 0.81 = 3.6. நேர்ப்பின் திசையில் 3.3. முன்னோக்கிச் சாய்வு தொடங்கிவிட்டது பாருங்கள். நிரலாக எழுதினால் இது பத்து வரிகூட வராது. கொத்துகளைப் புதிதாகத் தொடுபவர்கள் முதலில் எழுத வேண்டிய நிரல் இதுதான் என்பது என் எண்ணம். பெரிய மென்பொருள் எதுவும் தராத ஒரு கைப்பழக்கம் இதில் வரும்.

ஆனால் இது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறது. ஒரு மணி சிதறடித்த ஒளி பக்கத்து மணிமேல் விழுந்து, அது மறுபடி சிதறடிக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மணியையும் ஓர் இருமுனையாக, அதாவது ஒளியின் புலத்தால் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் பிரிந்த ஒரு புள்ளியாகப் பாவித்தால், தொட்டுக்கொண்டிருக்கும் இரு மணிகளில், அவற்றை இணைக்கும் கோட்டின் திசையில் ஒளியின் மின்புலம் இருக்கும்போது, ஒவ்வொன்றின் வலிமையும் 1 ÷ (1 − பொருளெண் ÷ 4) மடங்காகிறது. பாலிஸ்டைரீனுக்கு 0.126 ÷ 4 = 0.03, மூன்று சதவீதம் கூடுகிறது. குறுக்குத் திசையில் ஒன்றரைச் சதவீதம் குறைகிறது. எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால் மாற்றம் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது. ஆகவே தண்ணீரில் இருக்கும் இந்த மணிகளுக்கு டெபையின் கூட்டலே போதும்.

அதே கணக்கைத் தங்கத்துக்குப் போடுங்கள். ஒன்றிலிருந்து கழிக்க வேண்டிய எண் 0.03 அல்ல, மெய்ப்பகுதி 0.32, கற்பனைப் பகுதி 0.51. இதை அலட்சியம் செய்ய முடியாது. உண்மையில் இந்தச் சூத்திரமே தங்கத்துக்கு உடைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒட்டியிருக்கும் உலோக மணிகளின் நடுவே புலம் இருமுனை என்று சொல்ல முடியாத அளவுக்குக் கசங்கிப்போகிறது. திரண்ட தங்கக் கூழ்மம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுவது இந்தப் பிணைப்பால்தான்: உட்கவர்தலின் உச்சி நீண்ட அலைநீளம் பக்கம் நகர்ந்துவிடுகிறது. மணிகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் கரைசல் எப்போதும் சிவப்பாகவே இருக்கும்.

பிணைப்பு முக்கியமென்றால்

இரண்டு பெரிய வழிகள் உண்டு. எல்லா மணிகளும் கோளங்கள், ஒன்றையொன்று ஊடுருவவில்லை என்றால், தயங்காமல் டி அணி மேற்பொருத்தல் முறைக்குப் போங்கள். ஒவ்வொரு கோளத்துக்கும் மீயின் தீர்வை வைத்துக்கொண்டு, ஒரு கோளத்திலிருந்து வெளியேறும் அலையை மற்ற கோளத்தின் மையத்தைச் சுற்றி மாற்றி எழுதி, எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பது இதன் சாரம். மக்கோவ்ஸ்கி, மிஷ்செங்கோ இருவரும் 1996இல் இதை வடிவமைத்தார்கள். எம்எஸ்டிஎம் என்ற மக்கோவ்ஸ்கியின் நிரல் இலவசம். அதற்குக் கொடுக்க வேண்டியது ஒவ்வொரு கோளத்தின் மையம் இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று ஆயங்கள், ஆரம், ஒளிவிலகல் எண். இந்த முறையின் பெரிய வசதி, கொத்தை எல்லாத் திசைகளிலும் திருப்பிய சராசரியை ஒரே தீர்விலிருந்து நேரடியாக எடுத்துவிடலாம்.

மணிகள் கோளமாக இல்லை, உருகி ஒட்டியிருக்கின்றன, மேலே பூச்சு சீரில்லாமல் படிந்திருக்கிறது என்றால் அந்த வழி அடைபடும். அப்போது இருமுனைத் தோராய முறை. பர்செல், பென்னிபேக்கர் இருவரும் 1973இல் விண்வெளித் தூசிக்காகக் கொண்டுவந்தது. துகளைச் சிறு கனசதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஓர் இருமுனையாக வைத்து, எல்லாம் எல்லாவற்றோடும் பேசுவதைத் தீர்ப்பது. டிரெய்ன், ஃப்ளாடௌ இருவரின் டிடிஸ்கேட், யுர்கின், ஹோக்ஸ்ட்ரா இருவரின் அடா ஆகியவை இதற்கான பெயர்பெற்ற நிரல்கள்.

கனசதுரம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? பொருளுக்குள் ஓர் அலைநீளத்துக்குப் பத்து கனசதுரங்கள் என்பது தொடக்க விதி. ஆனால் கொத்துகளில் அலைநீளத்தைவிட வடிவம்தான் கட்டளையிடுகிறது. புகைக்கரிக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 நானோமீட்டர் ஆரமுள்ள 100 மணிகள், 550 நானோமீட்டர் ஒளி. விதிப்படி 26 நானோமீட்டர் கனசதுரம் போதும். அதை வைத்தால் ஒரு மணிக்கு இரண்டு கனசதுரம்கூடத் தேறாது, கோளம் செங்கல்லாகிவிடும். விட்டத்துக்குப் பத்து என்று வைத்து 4 நானோமீட்டருக்கு இறங்கினால் மணிக்குச் சுமார் 520, கொத்துக்கு 52,000 இருமுனைகள். இது பெரிய எண் அல்ல. சிக்கல் வேறெங்கோ இருக்கிறது: இந்த நிரல்கள் வேகத்துக்காகக் கொத்தைச் சூழ்ந்த முழுப் பெட்டியையும் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. கொத்து 600 நானோமீட்டர் பரந்திருந்தால் பெட்டியில் 150இன் கனம், அதாவது 33 லட்சத்துக்கும் மேல் இடங்கள்; அதில் நூற்றுக்கு இரண்டுகூட நிரம்பவில்லை. புகைக்கரிபோல் கிளைவிட்டுப் பரந்த கொத்துகளுக்கு, மணிகள் கோளமாக இருக்கும்வரை, நான் டி அணிப் பக்கமே நிற்பதற்குக் காரணம் இதுதான். கொத்தைத் திருப்பித் திருப்பிச் சராசரி எடுக்க ஒவ்வொரு திசைக்கும் புதிதாகத் தீர்க்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

அந்த 600 எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட கொத்துகள் ஒரு பின்னப் பரிமாண விதியைப் பின்பற்றுகின்றன (பின்னப் பரிமாணம் என்பது கொத்து இடத்தை எவ்வளவு அடைக்கிறது என்பதைச் சொல்லும் எண்; சுழற்சி ஆரம் என்பது மணிகள் கொத்தின் மையத்திலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் நீளம்): மணிகளின் எண்ணிக்கை = முன்கெழு × (சுழற்சி ஆரம் ÷ மணியின் ஆரம்) என்பதன் பின்னப் பரிமாண அடுக்கு. புகைக்கரிக்கு முன்கெழுவை 1.3 என்றும் பரிமாணத்தை 1.8 என்றும் வைத்தால், 100 மணிகளுக்குச் சுழற்சி ஆரம் சுமார் 223 நானோமீட்டர். கொத்தின் முழு நீளம் அதன் இரண்டரை மடங்குக்கும் கூடுதலாகவே இருக்கும். கொத்துகளின் ஆயங்களை உருவாக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒரே எண்ணிக்கை, ஒரே பரிமாணம் இருந்தாலும் ஒவ்வொரு கொத்தும் தனி ஆள். குறைந்தது பத்து உருவாக்கிச் சராசரி எடுங்கள். கொத்துக்குக் கொத்து விடை எவ்வளவு மாறுபடுகிறது என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

கொத்து நிரலைச் சோதிக்கும் வரிசை

ஒரு கோளத்தை மட்டும் கொடுங்கள். மீ விடை வர வேண்டும். இரண்டு கோளங்களை மிகத் தொலைவில் வைத்துத் திசைச் சராசரி எடுங்கள். மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு இரு மடங்கை நெருங்க வேண்டும். பாலிஸ்டைரீன் இரட்டையைக் கொடுத்து, நாம் கண்ட 3.6ஐப் பாருங்கள். உட்கவராத பொருளுக்கு ஒளியிழப்பும் சிதறலும் சமமாக வருகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, ஒவ்வொரு கோளத்துக்கும் எடுக்கும் தொடர் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போய், விடை மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கடைசிச் சோதனையில் தொட்டுக்கொண்டிருக்கும் தங்கக் கோளங்கள் உங்கள் பொறுமையைத் தின்னும். தனிக் கோளத்துக்குப் போதுமான உறுப்புகள் அங்கே கொஞ்சமும் போதாது. கூட்டக் கூட்ட உச்சி நீண்ட அலைநீளம் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். முழுமையாகத் தொடவிடாமல் அரை நானோமீட்டரோ ஒன்றோ இடைவெளி விட்டால் விடை மாறாமல் நிலைத்துவிடும். பெரும்பாலான கூழ்மங்களில் துகளின்மேல் ஏதோ ஒரு மூலக்கூறுப் போர்வை இருப்பதால் இது ஏமாற்று வேலையும் அல்ல. ஆனால் விட்ட இடைவெளி எவ்வளவு என்பதைச் சொல்லாமல் அந்த வரைபடத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உச்சி எங்கே விழுகிறது என்பதைப் பெரும்பாலும் அந்த ஓர் எண்தான் தீர்மானித்திருக்கும்.